கப்பலில் தலைமாடு எந்தப் பக்கம்

கப்பல் மூழ்கிவிடும் என்று நான் ஒரு நிமிஷம்கூடப் பயப்படவில்லை. உள்ளே லிஃப்ட், நீச்சல் குளம், நாடக மேடை எல்லாம் வைத்திருந்தார்கள். அவ்வளவு செலவு செய்து கட்டியதை மூழ்க விடமாட்டார்கள் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. என் பயமெல்லாம் அப்பா கட்டிலை விட்டு எழுந்து விழுந்துவிடுவார் என்பதுதான். அவருக்கு வலது முட்டியில் ஆபரேஷன் நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். கதவில் லேசாக இடித்துக்கொண்டாலே கை நீலமாகிவிடும். தலையில் அடிபட்டால் நடுக்கடலில் நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்? பயப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தேர்ச்சி.

அந்த வருஷம் எங்கள் அலுவலகத்தில் சிலருக்குப் பரிசாக இரண்டிரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். சென்னையில் ஏறி, இலங்கைக் கரையைத் தொட்டுவிட்டு, திரும்பச் சென்னையிலேயே இறங்கும் சொகுசுக் கப்பல் பயணம். என் கணவருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. எங்கள் பெங்களூர் அல்சூர் ஏரியில் படகு ஏறிவிட்டு இரண்டு நாள் மோர்சாதம் சாப்பிட்டவர். "உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போ. மனுஷன் ஒரு வருஷமா ரூமை விட்டு வெளிய வரலை" என்றார். அம்மாவுக்கு வருஷத் திதி கொடுத்து அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் அப்பாவிடம் கேட்டேன். "கப்பலா? எந்தத் திசையில போகுது?" என்றார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

இதற்கு அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கர்நாடக அரசின் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோலார், தும்கூர் பக்கமெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். அதில் வேண்டாமுக்குப் 'பேட', சும்மாவுக்குச் 'சும்னே' என்று கன்னடமும் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டது. கண்ணைக் கட்டி ஒரு அறைக்குள் விட்டாலும் வடக்கு எது என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய அலுவலகத்தில் பேச்சு. அந்தத் திறமை வீட்டில் எங்களுக்குப் பயன்பட்டது ஒரே விஷயத்துக்குத்தான். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது எல்லார் வீட்டிலும் சொல்கிற சங்கதி; எங்கள் வீட்டில் அது சட்டம். உறவினர் கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் படுத்தாலும் சரி, திருப்பதியில் வரிசையில் பாய் விரித்தாலும் சரி, அப்பா முதலில் தெற்கைக் கண்டுபிடித்து எங்கள் தலையணைகளைப் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அம்மாவும் அதில் அவரைவிட ஒரு படி அதிகம். நான்தான் கேலி செய்கிறவள்.

கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத உள் அறை. இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் ஒரு சின்ன மேஜை, சுவரில் டிவி. அப்பா பையை வைத்துவிட்டு அறையின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் வாடிவிட்டது. நான் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து நீட்டினேன்.

"பேடம்மா. சுத்திலும் இரும்பு. காந்தம் இங்க பொய் சொல்லும்" என்றார்.

அவரைக் காப்பாற்றியது டிவிதான். அதில் ஒரு சேனல் முழுக்கக் கப்பலின் வரைபடம்: நீல நிறத்தில் கடல், நடுவில் சின்னக் கப்பல், பக்கத்தில் அது போகும் திசை டிகிரிக் கணக்கில். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். கட்டில்களின் தலைமாடு கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்து இருந்தது. கப்பலோ தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம தலை தெக்கால இருக்கு பாரு. கப்பல் கட்டினவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார். போகும்போது இரண்டு இரவும் நன்றாகத் தூங்கினார். மேல் தளத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார். பக்கத்து மேஜைக்காரர்களுக்கு மைசூர் மாநிலம் என்று பெயர் இருந்த காலத்தில் நிலம் அளந்த கதை சொன்னார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் பார்த்தது அங்கேதான்.

திரும்பும் இரவில்தான் கடல் கெட்டது.

மாலையிலேயே அறிகுறிகள் தெரிந்தன. நீச்சல் குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டு வலை கட்டினார்கள். மேல் தளத்துக்குப் போகும் கதவுகளைக் கயிற்றால் கட்டினார்கள். மாடிப்படிக் கைப்பிடிகளில் பத்தடிக்கு ஒன்றாக வெள்ளைக் காகிதப் பைகளைச் செருகி வைத்தார்கள். எதற்கு என்று கேட்காமலே புரிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு முழு அடுக்குத் தட்டு சரிந்து உடைந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அப்பாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்கு அழைத்து வந்தேன்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவர் வந்து மேஜை மேலிருந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்தார். உயிர் காக்கும் சட்டைகள் இரண்டை எடுத்து ஒவ்வொரு மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியிலும் சொருகினார். மெத்தை சுவர்ப் பக்கமாகச் சரிந்து தொட்டில்போல் ஆயிற்று. இனி உருண்டு விழமாட்டீர்கள் என்று சிரித்தார். பிறகு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். புயல் சின்னத்தால் சென்னைத் துறைமுகத்தை மூடியிருக்கிறார்கள். திறக்கும் வரை கப்பல் கடலிலேயே சில மணி நேரம் வடக்கே, சில மணி நேரம் தெற்கே என்று போய் வந்துகொண்டிருக்கும். திரும்பும்போது மட்டும் அலை பக்கவாட்டில் அடிக்கும் என்பதால் ஆட்டம் அதிகமாக இருக்கும், அப்போது யாரும் படுக்கையை விட்டு எழ வேண்டாம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலின் மூக்கு வடக்கே இருந்தது. அவர் எழுந்து, தலையணையை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுக்கொண்டு படுத்தார். "நீயும் திருப்பிப் போட்டுக்கோ" என்றார். நான் போட்டுக்கொள்ளவில்லை. அது பிடிவாதத்தால் அல்ல.

காரணம் அம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால், லிங்கராஜபுரம் வாடகை வீட்டின் மாடிப்படியை ஏற முடியாமல், அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்தார்கள். அதற்கே நான் நாலு வருஷம் கெஞ்ச வேண்டியிருந்தது. பெண் வீட்டில் போய் நிரந்தரமாகத் தங்குவதா என்று இருவருக்கும் கூச்சம். எங்கள் ஃப்ளாட் தொம்மலூரில், பழைய ஊர்ச் சந்துகள் முடிந்து ஆபீஸ் கட்டடங்கள் ஆரம்பிக்கும் இடத்தில். அவர்களுக்கு ஒதுக்கிய அறை சின்னது. என் கணவர் ஆசையாகப் பணம் போட்டு, தெற்குச் சுவர் முழுக்க வெள்ளை நிறத்தில் தள்ளுகதவு வைத்த அலமாரி செய்தார். அதன் பிறகு கட்டிலைப் போட ஒரே வழிதான் இருந்தது. தலைமாடு வடக்குச் சுவரில். கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. குறுக்கே போட்டால் பாத்ரூம் கதவு திறக்காது.

அலமாரி வந்து இறங்கிய பிறகுதான் எனக்கே அது உறைத்தது. திருப்பிச் செய்யச் சொன்னால் கணவர் முகம் சுருங்கும். சொல்லாவிட்டால் அம்மா வரவே மாட்டாள். வந்து நின்ற முதல் நாள் அம்மா கேட்டாள்: "ஏண்டி, தலைமாடு எந்தப் பக்கம் இது?"

"தெற்கும்மா" என்றேன்.

கண் இமைக்காமல் சொன்னேன். எனக்கு உதவியாக ஒரு சாட்சியும் இருந்தது. எங்கள் கட்டடத்துக்கு மேற்கே கண்ணாடி போர்த்திய ஒரு பெரிய ஆபீஸ் இருக்கிறது. காலையில் கிழக்கே எழும் வெயில் அதில் பட்டுத் திரும்பி அந்த அறையின் மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே விழும். மாலை வெயிலை அதே கட்டடம் மறைத்துவிடும். அதனால் மேற்கு ஜன்னல் கிழக்கு ஜன்னல்போல் இருக்கும். அப்படிப் பார்த்தால் வடக்குச் சுவர் தெற்காகிவிடும். அப்பா அன்று ஜன்னலருகில் நின்று அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, தெற்குதான்" என்றார். அப்பாவுக்கே தெரியவில்லையே, வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்தேன். தப்பித்தேன் என்றும் நினைத்தேன்.

அந்த அறையில் அம்மா இருந்தது எட்டே மாதம். ஒரு விடிகாலையில் நெஞ்சு வலி. அப்பா கூப்பிட்டு நான் ஓடியபோது அம்மா கட்டிலின் ஓரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். ரத்தக் குழாயில் அடைப்பு, வெகு நாளாக இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. நான் படித்தவள், தலை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வருவதில்லை மாரடைப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? எட்டு மாதமும் ஒவ்வொரு ராத்திரியும் என் அம்மா எதை வாழ்நாள் முழுக்கத் தவிர்த்தாளோ அதில் அவளைப் படுக்க வைத்தது என் பொய். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. அப்பாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா என்ற கேள்வி ஒரு வருஷமாக என்னை விடவில்லை. கட்டிலை எப்படியாவது மாற்றிப் போடலாம் என்று பல தடவை தோன்றியது. மாற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அப்பாவும் அதே கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தார்.

கப்பலில் அந்த இரவு என் மனதில் ஓடியது இவ்வளவும். அலமாரிக்குள் ஹாங்கர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. நான் எழுந்து அவற்றைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். பிறகு பாத்ரூமில் ஒரு கண்ணாடி டம்ளர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அதையும் எடுத்துத் துண்டில் சுற்றினேன். பிறகு சுவர்ப் பலகைகளே நெரிய ஆரம்பித்தன. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கப்பல் எழும்போது உடம்பு மெத்தைக்குள் அழுந்தியது. இறங்கும்போது வயிறு மேலேயே நின்றுவிட்டது. ஜன்னல் இல்லாத அறையில் எது மேலே எது கீழே என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, வயிற்றுக்கு மட்டும்தான் தெரியும். நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் மூச்சைக் கேட்டபடி கிடந்தேன்.

பதினோரு மணிக்குக் கப்பல் முதல் தடவை திரும்பியது. பக்கவாட்டு ஆட்டம் என்றால் என்னவென்று அப்போது தெரிந்தது. மேஜை இழுப்பறை தானாகத் திறந்து மூடியது. என் கைப்பை அறையின் குறுக்கே நடந்து போனது. ஆட்டம் சற்று அடங்கியதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார். டிவி வெளிச்சத்தில் நூற்றெழுபது டிகிரி என்று இருந்தது.

"தெக்கால திரும்பிடுச்சு. என் தலை இப்ப வடக்க இருக்கு" என்றார்.

"அப்பா, பரவால்ல. படுங்க."

"ஒரு நிமிஷம்தானே கண்ணு."

நான் அவரைத் தாங்கிப் பிடித்துத் தலையணையைப் பழைய தலைமாட்டுக்கு மாற்றினேன். பிடித்த கையில் அவருடைய எலும்பு தெரிந்தது. பிறகும் அவர் தூங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றாமல் மல்லாந்து படுத்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட நாளில் நான் பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரே, அதே விழிப்பு.

இரண்டு மணி சுமாருக்கு நான் கண் அயர்ந்திருக்க வேண்டும். ஒரு பெரிய அடி கப்பலின் வயிற்றில் விழுந்த சத்தத்தில் விழித்தேன். கப்பல் மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தலையணை. இன்னொரு கையால் சுவரைத் துழாவுகிறார். தரை அவருக்குக் கீழே சாய்கிறது. அவர் பின்னால் போவதைப் பார்த்தேன். நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, அவருடைய பனியனைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இருவரும் என் கட்டில்மேல் விழுந்தோம். அவருடைய தலை மேஜை விளிம்புக்கு நாலு விரல் தள்ளி வந்து நின்றது. அந்த நாலு விரல் இடைவெளியை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "எழுந்திருக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இந்த ஆட்டத்துல தலை எந்தப் பக்கம் இருந்தா என்ன? வடக்க தலை வெச்சா செத்தா போயிடுவாங்க?" என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஒரு வருஷம் அடக்கி வைத்தது அதற்கு மேல் நிற்கவில்லை.

"அப்பா, அம்மாவை வடக்க தலை வெச்சுப் படுக்க வெச்சது நான்தான். நம்ம வீட்டுல. அது தெற்கு இல்ல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். டிவியின் நீல வெளிச்சத்தில் அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை.

"தெரியும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு கப்பல் இடது பக்கம் சாய்ந்தது. அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். நான் மாடிப்படியிலிருந்து எடுத்து வந்திருந்த காகிதப் பையைப் பிரித்து நீட்டினேன். வாந்தி எடுத்தார், நிறுத்தினார், மறுபடி எடுத்தார். அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தெரியும் என்றால் எப்போதிலிருந்து? அம்மா போன பிறகா? தெரிந்துதான் ஒரு வருஷமாக அறையை விட்டு வராமல் இருந்தாரா? நான் கொடுத்த காப்பியையும் சோற்றையும் அதனால்தான் அரைகுறையாக வைத்தாரா? அவர் வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பாதித் தண்ணீர் அவர் மடியில் கொட்டியது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ள எடுத்த நேரம்போல் நீளமான நேரம் என் வாழ்க்கையில் இல்லை.

"முதல் நாளே தெரியும்மா" என்றார். "நான் என்ன, முப்பது வருஷம் சும்னேவா நிலம் அளந்தேன்? அந்த வெயில் கட்டம் கட்டமா விழுந்துச்சு. சூரியன் எங்கயாவது ஜன்னல் ஜன்னலா உதிக்குமா?"

"அப்புறம் ஏன்பா தெற்குன்னு சொன்னீங்க?"

"உங்கம்மா என் கையைக் கிள்ளினா." அப்பா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவளுக்கும் உன் மூஞ்சைப் பார்த்தே தெரிஞ்சுபோச்சு. பொய் சொன்னா உனக்குக் காது சிவந்துடும். ராத்திரி சொன்னா, 'மாப்பிள்ளை ஆசையா அலமாரி செஞ்சு வெச்சிருக்கார். பொண்ணு வீட்டுக்கு வந்த அன்னைக்கே கட்டிலைத் திருப்புன்னு நின்னா நல்லா இருக்குமா? தலகாணியைத் திருப்பிட்டாப் போச்சு'ன்னு."

எனக்குப் புரியவில்லை. அப்பாவே விளக்கிச் சொன்னார். தினமும் இரவில் கதவைச் சாத்திய பிறகு இருவரும் தலையணைகளை எடுத்துக் கால்மாட்டில், அலமாரிப் பக்கம், தெற்கே போட்டுக்கொண்டு படுத்தார்கள். விடிந்ததும் நான் வருவதற்குள் திரும்ப எடுத்துத் தலைமாட்டில் வைத்து, விரிப்பை இழுத்துச் சரி செய்தார்கள். எட்டு மாதமும். ஒரு நாள்கூட அம்மா வடக்கே தலை வைக்கவில்லை.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அவ போனதுக்கு அப்புறம் சொல்லலாமான்னு நெனச்சேன். நீ பொய் சொன்னதை நான் கண்டுபிடிச்சேன்னு சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். நீ இதை வெச்சுக்கிட்டு இப்படி வேகறேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். அந்தக் காலை நேரங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மா ஒரு விதி போட்டாள்: காப்பி கொண்டு வந்தால் கதவைத் தட்டிவிட்டு வா. என் வீட்டில் என் அம்மாவின் அறைக்குள் போக நான் தட்ட வேண்டுமா என்று எனக்கு உள்ளூர வருத்தம். இரண்டு டம்ளர் காப்பியோடு வெளியே நிற்பேன். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்கும். கட்டில் கிறீச்சிடும். அப்பா ஏதோ முணுமுணுப்பார், அம்மா அடக்கிக்கொண்டு சிரிப்பாள். இந்த வயதில் இவர்களுக்கு என்ன கலாட்டா என்று எரிச்சலோடு நின்றிருக்கிறேன். அவர்கள் எனக்காகத் தலையணை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கப்பல் திரும்பி முடித்திருந்தது. டிவியில் மூக்கு வடக்கே. நான் அப்பாவின் தலையணையைக் கால்மாட்டில் போட்டு, அவரைப் படுக்க வைத்து, போர்வையை இறுக்கிச் சொருகினேன். "அடுத்த தடவை திரும்பினா என்னை எழுப்பு" என்றவர் ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டார். நான் தூங்கவில்லை. அவருடைய இடத்தில் இப்போது நான் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன் கப்பல் மூன்றாம் தடவை திரும்பியது. ஆட்டம் முடியும் வரை அப்பாவின் தோளை அழுத்திப் பிடித்திருந்தேன். நூற்றெழுபத்தைந்து டிகிரி. அவருடைய தலை வடக்கே இருந்தது. வாய் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா, விடலாமா? தூக்கம் முக்கியம் என்று சொல்லும் என் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தரை சமமாகும் வரை காத்திருந்துவிட்டு அவரை உலுக்கினேன்.

"அப்பா, தெற்கே திரும்பிடுச்சு. எழுந்திருங்க."

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "விடியப் போவுது. சும்னே படும்மா."

"முடியாது. எழுந்திருங்க."

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். நான் அவரை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் படுக்க வைத்தேன். என் தலை ஏற்கெனவே தெற்கேதான் இருந்தது. சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை டிவியைப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

மதியம் துறைமுகத்தைத் திறந்தார்கள். கரையில் இறங்கிய பிறகும் கால் வெகு நேரம் ஆடிக்கொண்டிருந்தது. இரவு ரயிலில் பெங்களூர் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் நான் அப்பாவின் அறைக்குப் போனேன். எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்திருந்தது.

அம்மா இருந்த நாளில் அந்த வெள்ளை அலமாரியின் கதவுகளில், கட்டில் உயரத்துக்குச் சற்று மேலே, அடிக்கடி எண்ணெய்க் கறை தென்படும். எத்தனை முறை துடைத்தாலும் மறுவாரம் திரும்ப வரும். புது அலமாரி, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யாரும்மா எண்ணெய்க் கையோட இதைத் தொடறது?" என்று கத்துவேன். அம்மா சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "யாரைக் கண்டேன்" என்பாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு நானே உட்கார்ந்து தேய்ப்பேன். கடைசியாகத் தேய்த்தது அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தப் பக்கம் நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

கட்டில்மேல் ஏறி மண்டியிட்டுப் பார்த்தேன். இடது கதவில், ராத்திரி தலையணை வரும் இடத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை இருந்தது. ராத்திரி அப்பா தலை சாய்த்து உட்காரும் இடம்.

"என்னம்மா பாக்குற?" என்றார் அப்பா வாசலிலிருந்து.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

அம்மா படுக்கும் பக்கம் வலது. வலது கதவில் எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.